கல்லீரலில் மாட்டிய பூட்டு

என் வீட்டுக்காரர் சேவியர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் அவருக்கு முப்பதாம் நாள் பூசையே முடிந்துவிட்டது போலத் தோன்றும். "இன்னாமோ புச்சா ஒரு ஊசி போட்டாங்களாம், அத்தப் போட்டுதான் மனுசன் இப்டி ஆய்ட்டாராம்" என்று மீன் வாங்கும் இடத்தில் ஒருத்தி என்னிடமே சொன்னாள், நான் யாரென்று தெரியாமல். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். எனக்குத் தெரிந்தது எழுதுவதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவர் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், நான் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நோய் புதிதல்ல. பல வருடங்களுக்கு முன்னால் மணலியில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ரத்ததான முகாம் நடந்தபோது, இவருடைய ரத்தம் வேண்டாம் என்று தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். ஹெபடைடிஸ் பி. கல்லீரலில் குடியிருக்கும் ஒரு வைரஸ். பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்துவிடுமாம். என் மாமியார் வயிறு வீங்கித்தான் செத்தார். காமாலை முற்றிவிட்டது என்று சொல்லி அடக்கம் செய்தோம். முகாமில் இவருக்குத் தெரிந்த பிறகு கொழுந்தன் தேவாவைக் கூட்டிப்போய்ச் சோதித்தால் அவனுக்கும் அதேதான். தேவா இவரைவிட ரொம்பச் சின்னவன். அம்மா போன பிறகு எங்களோடுதான் வளர்ந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவனைக் கொழுந்தன் என்று சொன்னாலும் என் மனதில் அவன் வேறு. இப்போது துறைமுகத்துக்குக் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறான்.

அண்ணன் தம்பி இருவருக்கும் தினம் ஒரு மாத்திரை. அது வைரஸைப் பெருக விடாது, அவ்வளவுதான். வைரஸ் தன் டி.என்.ஏ. என்ற மரபுச் சரட்டை ஒரு சின்ன வளையமாகச் சுருட்டி, கல்லீரல் செல்லுக்குள் பத்திரமாக வைத்திருக்கும். மாத்திரையை நிறுத்தினால் அந்த வளையத்திலிருந்து மறுபடியும் கிளம்பிவிடும். ஆகவே வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டும். இவர் முணுமுணுக்காமல் விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் டாக்டர் வசந்தி ஒரு சோதனை மருந்தைப் பற்றிச் சொன்னார். நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கல்லீரல் டாக்டர் அவர். நிதானமான மனுஷி, கேள்வி கேட்டால் எரிந்து விழமாட்டார். படம் போட்டு விளக்கினார். உடம்பில் மரபுச் சரட்டின் மேல் போய் உட்கார்ந்து, எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா இருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் புரதங்கள் இயற்கையிலேயே இருக்கின்றன. இப்போது அதைப்போன்ற புரதத்தை ஆய்வுக்கூடத்தில் வடிவமைக்கிறார்கள். சரட்டில் எந்த எழுத்து வரிசையைத் தேடிப் பிடிக்க வேண்டுமோ அதற்கேற்ப அதன் விரல்போன்ற பகுதிகளை அமைக்கலாம். இந்த மருந்தில் உள்ளது வைரஸின் எழுத்துகளை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதம். பிடித்த இடத்தில் ஒரு ரசாயன முத்திரை வைக்கும். முத்திரை விழுந்த மரபணு ஊமையாகிவிடும். சரட்டை வெட்டுவதில்லை, கிழிப்பதில்லை. புரதம் சில நாளில் கரைந்துபோனாலும் முத்திரை நிற்கும்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, இத்ததான் நாங்க தெனம் செய்யறோம். மிசினு உள்ள கைய வெக்கறதுக்கு மின்னாடி சுச்ச ஆப் பண்ணி பூட்டு போட்டு, மேல நம்ம போட்டோ போட்ட அட்டைய மாட்டிடுவோம். ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பூட்டு. நா தொறக்கற வரிக்கும் எவனும் ஓட்ட முடியாது. நா வூட்டுக்குப் போய்ட்டாலும் பூட்டு அங்கியே கீது."

டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ரொம்பச் சரி, சேவியர். இனிமே நான் எல்லார்கிட்டயும் இப்படியே சொல்றேன். ஆனா ஒண்ணு. மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. எப்ப நிறுத்தறதுன்னு நாங்க சொல்வோம்."

இவர் தலையை ஆட்டினார். மின்பிரிவில் மூத்தவர் இவர். புதிதாக வரும் ஒப்பந்தப் பையன்களுக்குப் பூட்டு வேலையைச் சொல்லிக்கொடுப்பவர். அந்த வேலையில் கடைசியாக ஒன்று உண்டு. பூட்டிய பிறகு நேரே போய்க் கை வைக்கக் கூடாது. முதலில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடக் கூடாது. வேறு எங்கிருந்தாவது மின்சாரம் வந்துகொண்டிருந்தால் அப்போது தெரிந்துவிடும். "பூட்டுனத நம்பாத, அமுக்கிப் பாத்தத நம்பு" என்று பையன்களிடம் சொல்வாராம். வீட்டில் மின்விசிறிக்கு எண்ணெய் போடும்போதுகூட மெயினை அணைத்துவிட்டு என்னைச் சுவிட்சைத் தட்டிப் பார்க்கச் சொல்வார். எனக்கு இது பெருமையாகத்தான் இருந்தது.

முதல் ஊசி சொட்டு சொட்டாக ஏறியது. புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைக் கொழுப்புத் துளிகளில் பொதிந்து அனுப்புகிறார்கள், கல்லீரல் அதைப் படித்துத் தானே புரதத்தைச் செய்துகொள்ளும் என்றார்கள். சாயங்காலம் குளிரும் நடுக்கமும் வந்தன. அவரோடு வேலை செய்யும் தண்டையார்பேட்டை கமால் பாய் ஷிப்ட் முடிந்த கையோடு, பாதுகாப்பு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நோன்புக் கஞ்சியோடு வந்து நின்றார். "அண்ணிக்கும் சேர்த்து வூட்ல ஊத்திக் குடுத்தாங்க" என்றார். நான் கேட்காமலே வந்த அந்தக் கஞ்சியை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் வைரஸ் உண்டாக்கும் புரதத்தின் அளவு நன்றாக இறங்கியிருந்தது. இவர் அன்றைக்கு வஞ்சிரம் வாங்கி வந்தார். தேவாவும் சோதனைக்குத் தேர்வாகி, அவனுக்கும் ஊசிக்கு நாள் குறித்தார்கள். வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. முதலில் சோறு இறங்கவில்லை. நெத்திலிக் குழம்பு வாசனைக்கே குமட்டினார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஒரு காலை, வாசலில் வெளிச்சத்தில் திரும்பியபோது பார்த்தேன், கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். ஆட்டோ பிடித்தோம். காசிமேட்டுப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, அசையவே இல்லை. ஆட்டோக்காரர் கீழே இறங்கி ஒவ்வொரு டிரைவராகக் கெஞ்சி வழி வாங்கினார். இவர் என் தோளில் சாய்ந்து, "பேஜாரு பண்ணாத, ஒண்ணியும் ஆவாது" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி நாட்களில் நான் கற்றுக்கொண்ட சொற்கள் எனக்குத் தேவையே இல்லாத சொற்கள். பிலிருபின் என்பது மஞ்சள் நிறத்தின் அளவு, அது ஏறக் கூடாது. ரத்தம் உறைவதற்கு ஆகும் நேரத்துக்கு ஒரு அளவு உண்டு, அது நீண்டால் கல்லீரல் வேலையை விட்டுவிட்டது என்று அர்த்தம். இரண்டுமே ஏறின. அடங்கிக் கிடந்த வைரஸும் தலைவிரித்தாடியது.

டாக்டர் வசந்தி கட்டிலருகே நின்று கேட்டார். "சேவியர், மாத்திரை ஒழுங்கா எடுத்தீங்களா?"

"தெனம் எடுத்துகினு தான் கீறேன்."

என் பக்கம் திரும்பினார். நானும், "ஆமாம் டாக்டர், தினமும் அட்டையில் ஒன்று குறையும், நான் பார்ப்பேன்" என்றேன். பார்த்ததைத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் டாக்டர்களுக்கு ஒரே குழப்பம். மாத்திரை எடுத்தும் வைரஸ் எழுந்திருக்கிறது என்றால் புது மருந்துதான் எதையோ தட்டி எழுப்பிவிட்டதா? புரதம் வைரஸை விட்டுவிட்டு மனிதனின் சொந்த மரபணு எதன் மேலாவது போய் உட்கார்ந்துவிட்டதா? தெரியும்வரை யாருக்கும் ஊசி இல்லை என்று சோதனையையே நிறுத்திவைத்தார்கள். தேவாவுக்குக் குறித்த நாளும் போனது. புழலிலிருந்து ஊசிக்காக வந்திருந்த ஒரு பெண்ணைக் காத்திருக்கும் கூடத்தில் பார்த்தேன். கட்டைப்பையில் மாற்றுத்துணியெல்லாம் எடுத்து வந்திருந்தாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உங்க வூட்டுக்காரரு பொழைக்கட்டும்க்கா, எனக்கு அப்பால போட்டுக்கலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு மூளை குழம்ப ஆரம்பித்தது. கல்லீரல் வடிகட்டாத கழிவு மூளைக்கு ஏறுவதால் வருவது. பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை நீட்டச் சொல்வார்கள், நீட்டிய கை படபடவென்று ஆடும். என்னைப் பார்த்து "நீ எந்த ஷிப்ட்டு?" என்று கேட்டார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஒரு மத்தியானம், நானும் தேவாவும் பக்கத்தில் இருந்தோம். இவர் திடீரென்று கட்டில் கம்பியில் கட்டைவிரலை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இன்னாண்ணா தேடற?" என்றான் தேவா.

"பூட்டு போட்டாச்சு நைனா. அமுக்கிப் பாத்தேன். ஓடல. நல்லாதான் இருந்துச்சு. மாத்தரைய வாஷ்பேசின்ல உட்டுகினு வந்தேன். மொதல்ல ஓடல. அப்பால ஓட ஆரம்பிச்சிடுச்சு. எங்கியோ வேற லைன் கீது. சொல்லாத, பசங்க சிரிப்பானுங்க."

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அட்டையில் தினமும் ஒன்று குறைந்தது நிஜம். அது இவர் வயிற்றுக்குப் போகவில்லை. பூட்டு பிடித்திருக்கிறதா என்று பார்க்க, மாத்திரையை நிறுத்திவிட்டு மனிதர் வேடிக்கை பார்த்திருக்கிறார். பயம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். அந்த மஞ்சள் முகத்தில் ஓங்கி அறையலாம் போலிருந்தது.

தேவா என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனான். "அண்ணி, வாயத் தொறக்காத. சோதனையால வந்த கேடுன்னாதான் அவுங்க செலவுல பாப்பாங்க. இவரே செஞ்சிகினாருன்னு தெரிஞ்சா வெளிய தள்ளிடுவாங்க. அண்ணன எங்க தூக்கிகினு போவ?"

"அப்போ உன் ஊசி?"

"எனக்கு இன்னா இப்ப? நா நல்லாதான கீறேன். மாத்தர துன்னுகினு காலத்த ஓட்டிக்கிறேன். எனக்கு அண்ணன் வோணும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இவர் உயிரா, தேவாவும் அந்தப் புழல் பெண்ணும் இன்னும் முகம் தெரியாத எத்தனையோ பேரும் எதிர்பார்த்திருந்த மருந்தா என்று என்னை யாரும் கேட்கக் கூடாது. நான் சுயநலக்காரி, இவரைத்தான் சொல்வேன். அன்றைக்கு டாக்டரிடம் நானும் விஷயத்தை மறைத்துவிட்டேன்.

குடலைச் சுத்தம் செய்யும் இனிப்பு மருந்தைக் கொடுத்துக் கொடுத்து, குழப்பம் மெல்லத் தெளிந்தது. ஒரு காலையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"மாத்திரையைத் துப்பினீங்களா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆமா."

"ஏன்?"

"நம்பாம இல்ல ஸ்டெல்லா. ஓடுதா இல்லியான்னு பாக்காம எப்டி இருக்கறது? இத்தினி வருசம் அப்டியே செஞ்சி செஞ்சி..."

"அங்கே மோட்டார் ஓடிச்சுன்னா ஸ்டாப்ப அமுக்குவீங்க. உடம்புல ஸ்டாப் பட்டன் எங்க இருக்கு? சொல்லுங்க, எங்க இருக்கு?" நான் கத்திவிட்டேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் ஆனை விழுந்தால் அடியில் இருப்பவர்கள் கதி என்ன?

தேவாவின் ஊசி நின்றுபோனது அவருக்கு அதுவரை தெரியாது. நான்தான் சொன்னேன். தேவா செலவைப் பற்றிச் சொன்னதையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். போர்வையின் ஓரத்தைச் சுருட்டினார், பிரித்தார்.

"மருந்து மேல பழி உளுந்தா அப்பால எவனுக்கும் குடுக்கமாட்டானுங்க, இல்ல?"

"அப்படித்தான் தோணுது."

"எங்கம்மா வயிறு வீங்கினப்ப இவன் சின்னப் பையன். வாசல்லியே உக்காந்துகினு இருந்தான்." போர்வையை ஒதுக்கிவிட்டு, "டாக்டரம்மாவ வரச் சொல்லு" என்றார்.

தேவா ஓடிவந்து, "வேணாண்ணா, வேணாண்ணா" என்று காலைப் பிடித்துக்கொண்டான். இவர், "கம்முனு இரு" என்றார். அந்தக் குரலை மீறி அவன் இதுவரை எதுவும் செய்ததில்லை.

டாக்டர் வசந்தி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிறுத்திப் பார்க்கிற வேலைய நாங்களே செய்யறதா இருந்தோம், சேவியர். எல்லா டோசும் முடிஞ்சப்புறம், வாராவாரம் ரத்தம் எடுத்துகிட்டே. வைரஸ் லேசா தலை தூக்கினாக்கூட மாத்திரைய உடனே ஆரம்பிச்சிடுவோம். கல்லீரல்ல கோடிக்கணக்கான செல். ஒரே டோசுல எல்லாத்துலயும் பூட்டு விழாது."

"தெரியும் டாக்டரம்மா. ஒரு லைன உட்டாலே ஆள் காலி. பையன்களுக்கு நாந்தான் சொல்வேன்."

டாக்டர் எழுந்தபோது இவர் தோளில் கையை வைத்தார். "சொன்னதுக்கு நன்றி" என்றார்.

தேவா சொன்னதும் பொய்யாகவில்லை. சோதனையைக் கண்காணிக்கும் குழு கூடியது, பழைய ரத்த மாதிரிகளைத் திருப்பிச் சோதித்தார்கள். மாத்திரை மருந்தின் சுவடே அவற்றில் இல்லை. கேடு சோதனை மருந்தால் வந்ததல்ல என்று முடிவானது. சிகிச்சைச் செலவு எங்கள் பாடு. டாக்டர் வசந்தியே பேசி, அரசுப் பெரியாஸ்பத்திரியில் கட்டில் ஏற்பாடு செய்தார். இவரைத் தள்ளுவண்டியில் இறக்கும்போது கூடவே ஆம்புலன்ஸ் வரை வந்தார். அங்கே கமால் பாய் முறை வைத்து ஆள் அனுப்பினார். இவர் வேலை சொல்லிக்கொடுத்த பையன்கள்தான் வந்தார்கள், ஷிப்ட்டுக்கு ஒருவனாக. எல்லோருக்கும் விஷயம் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் இவருக்குச் சவரம் செய்துவிட்டான். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தார்.

வைரஸ் மறுபடியும் அடங்கிவிட்டது. ஆனால் கல்லீரல் சுருங்கித் தழும்பாகிவிட்டது. வயிற்றில் நீர் கோக்கிறது, அவ்வப்போது ஊசி குத்தி வடிக்கிறார்கள். மாற்றுக் கல்லீரலுக்குப் பதிந்திருக்கிறோம். தேவா தன்னுடையதில் பாதியைத் தருகிறேன் என்று போய் நின்றான். உன்னிடம் அதே வைரஸ் இருக்கிறதே என்று அனுப்பிவிட்டார்கள். என் ரத்த வகை சேரவில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டில் சாவு விழ வேண்டும், அவர்கள் மனமிரங்க வேண்டும். கோயிலில் முழந்தாளிட்டால் எதை வேண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இப்போதெல்லாம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

சோதனை மறுபடியும் தொடங்கிவிட்டது. தேவாவுக்கு ஊசி ஏறியது, இரண்டாவதும் ஏறியது. நன்றாக இருக்கிறான். ஊசி போட்ட அன்றே இவர் அவனிடம் சத்தியம் வாங்கினார். தினமும் காலையில் போனில் முகம் காட்டி, இவர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்வார். நாக்கைத் தூக்கு, கன்னத்தைக் காட்டு என்பார். துறைமுக வாசலில் வரிசையில் நின்றாலும் தேவா டிரெய்லரின் சீட்டிலிருந்தே கூப்பிடுவான். ஒரு நாளும் தவறியதில்லை.

இன்று காலையும் போன் அடித்தது. போனை இவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். நேற்றிலிருந்தே இவருக்கு மறுபடியும் லேசான குழப்பம், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்கிறேன், மத்தியானம் அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணா, நாந்தான். மாத்தர இந்தா" என்றான் தேவா. இவர் திரையையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "யாரு இந்தப் பையன்?" என்று கேட்டார்.

மறுமுனையில் லாரிகளின் ஹாரன் கேட்டது. நான் போனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"முழுங்குடா" என்றேன்.

விழுங்கினான்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

அழுதுகொண்டே தூக்கிக் காட்டினான். நான் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.